மூன்றாவது ஓலை

அப்பாவுக்குத் தோலில் செதில் வரும். இரண்டு முழங்கைகளிலும், முழங்காலுக்குக் கீழேயும், தலைமுடிக்குள்ளேயும் சிவந்து தடித்து, அதன் மேல் வெள்ளையாகப் படிந்து, சொறிந்தால் உதிரும். மார்கழியில் அதிகமாகும், சித்திரை வெயிலில் கொஞ்சம் அடங்கும். சின்னப் பெண்ணாக இருந்தபோது எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கை வழவழவென்று இருந்தது. பாவம், இவருக்கு என்ன வந்ததோ என்று நினைத்தேன்.

நாங்கள் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அறுபதுகளின் கடைசி. அப்பா கணக்கு வாத்தியார். அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. தோள்பட்டையில் விழுந்து கிடக்கும் வெள்ளைத் தூளைச் சாக்பீஸ் தூள் என்று சொல்லிவிடலாம். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தானை மாட்டிக்கொள்வார். காலையில் அம்மாவின் முதல் வேலை, அப்பா படுத்த பாயைக் கொல்லைக்குக் கொண்டுபோய் உதறுவது. அக்கம்பக்கம் எழுந்திருக்கும் முன்பே உதறி முடித்துவிடுவாள்.

மருந்துக்குக் குறைவில்லை. யாரோ வெட்பாலை இலை நல்லது என்றார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவும் நானும் வண்டலூர்க் காட்டுப் பக்கம் போய்ப் பை நிறையப் பறித்து வருவோம். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிவிடும். எங்கள் வீட்டுத் தலையணை உறை எல்லாம் ஊதா. அடுத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் தார் களிம்பு கொடுத்தார்கள். அதைப் பூசினால் வீடே புதிதாகப் போட்ட ரோடு மாதிரி நாறும். விருந்தாளிகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இந்தப் பக்கம் ரோடு போடறாங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவோம். எதைப் பூசினாலும் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்குள் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. சர்ச்சில்தான் தொல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலில் நிற்க வேண்டும். போதகர் அப்பத்தைக் கொடுத்துவிட்டு, திராட்சரசப் பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டே போவார். எல்லாருக்கும் ஒரே பாத்திரம். ஒரே குடும்பமாக ஒன்றில் குடிக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தமே. முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். அப்பாவுக்கு அடுத்த இடத்தில் முழங்காலிட யாருக்கும் மனசு வரவில்லை. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் செருப்பைச் சரியாக விட்டுவிட்டு வருகிறேன் என்று பின்வாங்குவார், இன்னொருவருக்குத் திடீரென்று இருமல் வரும். முதுகுக்குப் பின்னால் குஷ்டம் என்ற வார்த்தையும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு இது புரிந்ததும், பெண்களும் போய் முடித்த பிறகு, கடைசி ஆளாகத் தனியாக எழுந்து போக ஆரம்பித்தார். மீந்த ரசத்தைப் போதகர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது முறை. அதனால் அப்பாவுக்குப் பிறகு வாய் வைப்பவர் அவர் ஒருவர் மட்டும்தான். நல்ல மனுஷர், முகம் சுளித்ததே இல்லை. ஆனால் குடிக்கும் முன் பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். அக்காவும் பார்த்திருக்கிறாள்.

அக்கா கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தினமும் எலெக்ட்ரிக் ரயிலில் போய் வருவாள். நன்றாகப் பாடுவாள். சர்ச் பாடகர் குழுவான கொயரில் அவளும் இருந்தாள், டெலிபோன் டிபார்ட்மென்ட்டில் வேலை பார்த்த ஒருவரும் இருந்தார். பயிற்சி முடிந்து அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களோடு தெருமுனை வரை வருவார். சைக்கிளில் ஏறிப் போக ஏன் இவருக்குத் தெரியவில்லை என்று நான் கேலி செய்தால் அக்கா கிள்ளுவாள். அவருடைய அப்பா ரயில்வேயில் கார்டு. பெரிய உடம்பு, பெரிய குரல், சர்ச் கமிட்டியில் ஆள். அவரே வந்து பெண் கேட்டார். வரதட்சணைப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காவின் முகத்தில் அந்த நாட்களில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எங்களில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே போதகர் மாப்பிள்ளை, பெண் பெயரைப் படித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்பார். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். ஓலை வாசிக்க ஆரம்பித்ததும் அக்கா கொயரை விட்டு எங்களோடு உட்கார்ந்தாள், முதல் ஓலை அன்று தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். கொயர் வரிசையில் மாப்பிள்ளையின் காது சிவந்திருந்தது. நான் அம்மாவிடம் அதைக் காட்டி அடி வாங்கினேன்.

அன்றைக்கே கமிட்டியில் ஒரு ரிடையர்டு அக்கவுண்டன்ட் பேச்சை எடுத்தார். கல்யாணத்தன்று திருவிருந்து உண்டு, வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள், பெண்ணின் அப்பா வாய் வைத்த பாத்திரத்தில் அவர்களும் குடிக்க வேண்டியிருக்கும், அவருக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கிளாஸ் வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். கார்டு கொதித்துவிட்டார்.

"என் சம்பந்தி தனி கிளாஸ்ல குடிக்கணுமா? இன்னா பேச்சு சார் இது? அடுத்த வாரம் பெரிய டாக்டரையே இட்டுகினு வரேன். இது ஒட்டுமா ஒட்டாதான்னு அவர் வாயாலயே கேட்டுக்கோங்க. அதோட இந்தப் பேச்சு முடியணும்."

நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக ஒரு மனுஷன் கோபப்பட்டதை அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

மறு ஞாயிறு இரண்டாவது ஓலை. ஆராதனை முடிந்ததும் யாரும் போக வேண்டாம் என்று போதகர் கேட்டுக்கொண்டார். பட்டணத்திலிருந்து வந்திருந்த தோல் டாக்டர் முன்னால் வந்து நின்றார். ஒல்லியானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. அப்பாவைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். எத்தனையோ வருஷம் மூடிவைத்திருந்த முழங்கையை அப்பா சபைக்கு முன்னால் திறந்து காட்டினார். டாக்டர் அந்தச் செதிலை விரலால் நன்றாகத் தேய்த்தார். அதே விரலால் தன் கன்னத்தையும் தேய்த்துக்கொண்டார். பெண்கள் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இதுக்கு சொரியாசிஸ்னு பேரு. குஷ்டம் இல்ல. படை இல்ல. தொட்டா ஒட்டாது, கூட உட்கார்ந்தா ஒட்டாது, ஒரே பாத்திரத்துல குடிச்சாலும் ஒட்டாது. கிருமியே கிடையாது."

சர்ச்சைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை கதவோரத்திலிருந்து கேட்டார்: "அப்ப எங்கேந்து சார் வந்துச்சு? இன்னாத்த துன்னாரு?"

டாக்டர் சிரித்தார். "எதையும் தின்னு வரல. குடும்பத்துல வர்றது. பரம்பரையா வரும்." அப்பா பக்கம் திரும்பி, "உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்பா பதில் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருக்கிறது. மனுஷர் சந்தோஷத்தில் இருந்தார். தான் அசுத்தமானவன் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், கையில் ஆதாரம் இருக்கிறது. வகுப்பில் தேற்றம் நிரூபிக்கிற குரலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இருந்துது டாக்டர். எங்க அப்பாவுக்கு இருந்துது. பெரியப்பாவுக்கு உடம்பு பூரா. அத்தைக்குத் தலையில. அத்தை பையனுக்கு, அவன் காலேஜ் படிக்கறப்பவே வந்துடுச்சு. ஆனா அத்தை வீட்டுக்காரருக்கு வரவே இல்ல பாருங்க, கூடவே இருந்தவரு!"

"கரெக்ட்!" என்றார் டாக்டர். "இதைவிட நல்ல ப்ரூஃப் வேணுமா?"

பெண்கள் பக்கமிருந்து யாரோ, பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம். அப்பா அம்மாவுக்கு இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஒரு தலைமுறையை விட்டுவிட்டு அடுத்ததிலும் வரும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பார்த்துச் சொல்ல ஒரு டெஸ்ட்டும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு மறுபடியும், "ஆனா ஒட்டாது, அதை மறந்துடாதீங்க" என்று முடித்தார்.

சபை முழுக்க அப்பாவிடம் வந்து கை குலுக்கியது. அக்கவுண்டன்ட்கூட வந்தார், மன்னிப்புக் கேட்டார். அப்பா சட்டைக் கையை இறக்கிவிடவே இல்லை. எனக்குப் பக்கத்தில் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தன் முழங்கையை மூடிக்கொண்டாள். அதில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினார். மடித்த கையோடு மார்க்கெட் தெருவில் நடந்தார். வெயில் பட்டால் இதுக்கு நல்லது தெரியுமா என்று வேறு சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் எல்லாருக்கும் தானே பன்னைப் பிட்டுக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்க அத்தையை எதுக்குங்க இழுத்தீங்க?" என்றாள்.

"ஏன், உண்மைதானே?"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அப்பாவும் அக்காவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் எட்டியது. கையிலிருந்த பன்னைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் கார்டும் அவர் மனைவியும் வந்தார்கள். மகன் வரவில்லை. காபி கொடுத்தோம், இருவரும் தொடவில்லை. அந்த அம்மா அக்காவைக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதம்மா, கையைக் கொஞ்சம் காட்டு" என்றார். அக்கா காட்டினாள். முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். பின்னலைத் தூக்கி, பேன் பார்க்கிற மாதிரி முடியை வகிர்ந்து பார்த்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி முழங்காலையும் பார்த்தார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. அக்கா சிலை மாதிரி நின்றாள். எங்கேயும் ஒரு பொட்டுகூட இல்லை.

"இப்ப இல்ல" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். "எனக்கு ஒரே பையன்."

கார்டின் பெரிய குரலைக் காணோம். "நாங்க படைன்னு நெனச்சோம் சார். எந்த சலூன்லயோ ஒட்டிகினு வந்துதுன்னு நெனச்சோம். ஒட்டினதுன்னா உங்களோட போயிடும். இது பேரப்பிள்ளை வரைக்கும் வரும்ன்றாரே. நான்தான் சார் அவரைக் கூட்டியாந்தேன். நான் இன்னா பண்ணுவேன்?"

போன வாரம் வரை சம்பந்தி என்று கூப்பிட்டவர் சார் என்கிறார். அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "வரும்னு அவர் சொல்லலியே. வரலாம்னுதானே சொன்னார். வரலாம்ங்கறது வேற, வரும்ங்கறது வேற. கணக்குல ரெண்டும் ஒண்ணு இல்லீங்க" என்றார். அவர்களுக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. போகும்போது கார்டு எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைத் திட்டக்கூட முடியவில்லை. கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு அக்காவையும் என்னையும் அழைத்துக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நீளமான வராந்தா, பெஞ்சு முழுக்க ஆட்கள். எங்கள் முறை வந்தது. டாக்டருக்கு அப்பாவைப் பார்த்ததும் சந்தோஷம். "இப்ப பிரச்சினை இல்லையே?" என்றார்.

அப்பா கையைக் கூப்பிக்கொண்டு, "இவ கல்யாணம் நின்னுபோச்சு. இவளுக்கு வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர். அன்னிக்கு எனக்கு வந்து சொன்னீங்களே, அதே மாதிரி" என்றார்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் என்ன செய்துவிட்டு வந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "அன்னிக்குச் சொன்னது உண்மை சார். அதனால சொன்னேன். இது எனக்குத் தெரியாதே" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "எப்ப தெரியும் டாக்டர்?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. நாளைக்கே வரலாம். அறுபது வயசுலயும் வரலாம். வந்தா, வந்துடுச்சுன்னு சொல்லலாம். வராதுன்னு மட்டும் கடைசி வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது."

ஒரு தப்பு நடந்திருந்தால் திருத்தலாம், ஒரு பொய் சொல்லியிருந்தால் மறுக்கலாம். இங்கே எல்லாரும் உண்மைதான் பேசியிருந்தார்கள். அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டோம்.

ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பல்லாவரம் தாண்டியதும், "உனக்குன்னு நான் கொடுத்தது இதுதானாம்மா?" என்றார்.

"இன்னும் கொடுக்கலியேப்பா" என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள். அப்பா அழுதார். எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு இன்று வரை வரவில்லை. தோல் இப்போது சுருங்கிவிட்டது, ஆனாலும் சுத்தமான தோல். குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடி முன்னால் முழங்கையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்தது எனக்குத்தான். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டாவது பிரசவம் முடிந்த பிறகு, ஒரு மார்கழியில் தலையில் ஆரம்பித்தது. என்னைக் கட்டிக்கொடுத்தபோது யாரும் என் முடியை வகிர்ந்து பார்க்கவில்லை. இதில் எந்த நியாயத்தைத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை, தேடித் தேடிக் கோபம்தான் வருகிறது.

மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தது. போக வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். போகாவிட்டால் எல்லாரும் வேறு மாதிரி பேசுவார்கள் என்று அக்காதான் முதலில் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஓலை வாசிக்கும் நேரம் வந்ததும் சர்ச்சில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போதகர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பெண்கள் சங்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை நடக்கும் என்று படித்தார். கொயர் வரிசையில் மாப்பிள்ளையாக இருந்தவர் குனிந்துகொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது.

திருவிருந்து ஆரம்பமானது. ஆண்கள் எழுந்தார்கள். அப்பா வழக்கம்போல உட்கார்ந்தே இருந்தார். அக்கவுண்டன்ட் அப்பாவின் வரிசைக்கே வந்து, "வாங்க சார், இனிமே நீங்க எங்களோடதான்" என்று அப்பாவைக் கையோடு அழைத்துப் போனார். அத்தனை பேர் பார்க்கும்போது அப்பாவால் மறுக்க முடியவில்லை. போய் முழங்காலிட்டார். வரிசை நகர்ந்து வந்ததில் அவருக்கு அடுத்து வந்து முழங்காலிட்டவர் கார்டு. நகர்ந்து போக இடமிருந்தது, அவர் நகரவில்லை.

பாத்திரம் அப்பாவிடம் வந்தது, குடித்தார். அடுத்து கார்டிடம் போனது. அவர் பாத்திரத்தைத் திருப்பவில்லை, தயங்கவில்லை, அப்பா வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து நிறையக் குடித்தார். சபை நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னதை எல்லாரும் முழுசாக நம்பிவிட்டார்கள் என்று தெரிந்தது.

எழுந்திருக்கும்போது அப்பா தடுமாறினார். முழங்காலில் தோல் வெடித்திருந்தால் அவருக்கு மடக்கி நீட்டுவது கஷ்டம். கார்டு சட்டென்று குனிந்து, அப்பாவின் முழங்கையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை. அதைத் தொட அவருக்கு இப்போது துளிகூடப் பயமில்லை.

"தேங்க்ஸ் சார்" என்றார் அப்பா. அக்காவும் நானும் உட்கார்ந்திருந்த வரிசை வரைக்கும் கேட்டது.